அம்மாவின் தலைக்குள் மிளகளவு குமிழ்: இந்த வாரமே அடைத்தாக வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. திண்டுக்கல் பக்கம் கிராமம். ஆறு மாதமாகத் தலைவலி என்று எம்ஆர்ஐ எடுத்ததில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் 4 மில்லிமீட்டர் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவரில் புடைத்த குமிழ்) இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வலது பக்கம், போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் தமனி பிரியும் இடம் என்று எழுதியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில், "மணிக்கட்டில் சின்னத் துளைதான், காயில் (குமிழை அடைக்கும் மெல்லிய உலோகச் சுருள்) வைத்து இரண்டு நாளில் அனுப்பிவிடுவோம், இந்த வாரமே செய்துவிடுங்கள்" என்றார்கள். இன்னொரு டாக்டர், "இவ்வளவு சின்னதைத் தொடவே வேண்டாம், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்" என்கிறார். மாமாவோ தலையில் கையே வைக்கக் கூடாது என்கிறார். எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, 48 வயதில் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவர், "தலை வெடிக்குதே" என்று சொல்லிக்கொண்டே விழுந்து மறுநாள் இறந்துபோனார். அந்தப் பயத்தில் அம்மா இப்போது குனிவதில்லை, கோலம் போடுவதில்லை, சத்தமாகச் சிரிப்பதுகூட இல்லை. பிரஷர் உண்டு, மாத்திரையை நினைத்தால் போடுவார். அப்பா வீட்டுக்குள்ளேயே பீடி பிடிப்பார். சிகிச்சைக்காகத் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாக, தோட்டத்துப் பேச்சை அப்பாவை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெடிக்காத 4 மில்லிமீட்டர் குமிழுக்கு யாரும் "இந்த வாரம்" என்று கெடு வைக்கத் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படித்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். வலது இமை இடது இமையைவிடக் கீழே தொங்குகிறதா? வலது கண்மணி இடதைவிட அகலமாக விரிந்திருக்கிறதா? உங்கள் விரலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தினால் இரண்டிரண்டாகத் தெரிகிறதா? ரிப்போர்ட்டில் சொல்லியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணை அசைக்கும் மூன்றாவது நரம்பு போகிறது. குமிழ் பெருத்து அதை அழுத்தினால் இமை சரியும். இதில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றைக்கே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிதானமாகப் பேச நமக்கு நேரம் இருக்கிறது.

ஆறு மாதத் தலைவலிக்கு இந்தக் குமிழ் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெடிக்காத, இவ்வளவு சின்ன அனியூரிசம் வலிப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் வழக்கம். அம்மாவின் வலிக்குக் கட்டுப்படாத பிரஷரோ, ஒற்றைத் தலைவலியோ, கழுத்துத் தசையோ, தூக்கக் குறைவோ காரணமாக இருக்கலாம். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குமிழை அடைத்த பிறகும் அதே வலி தொடர்ந்தால், "இவ்வளவு செய்தும் போகவில்லையே" என்று அம்மா மனம் உடைந்துபோவார். அப்படி உடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய சைக்கிள் டியூபில் ரப்பர் நைந்த இடம் காற்றடிக்கும்போது புடைத்துக்கொண்டு வருமே, அனியூரிசம் அதுதான். ரத்தக்குழாய் கிளை பிரியும் கவட்டில் ரத்தம் மோதி மோதி, சுவர் மெலிந்து, வெளியே குமிழ்விடுகிறது. பெரியவர்களில் நூறு பேருக்கு ஸ்கேன் எடுத்தால் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கும். திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் ஒரு பஸ் நிறைய ஆள் ஏறினால் அதில் ஒன்றிரண்டு பேர் தெரியாமலே இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதே இல்லை.

ஆனால் வெடித்தால் கொடுமையானது. சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலருக்குப் பழைய வாழ்க்கை திரும்புவதில்லை. பெரியம்மாவை நேரில் பார்த்த வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, அது உண்மையிலேயே அனியூரிசம்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் அந்த இடம் ஏமாற்றுகிற இடம். போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் தமனி சிலருக்கு அடியில் அகன்று, போகப்போக ஒடுங்கி, ஒரு புனல்போலத் தொடங்கும். இதை இன்ஃபண்டிபுலம் என்போம். அது பிறவி அமைப்பு, நோயில்லை. புனலின் கூர் நுனியிலிருந்து மெல்லிய கிளை ஒன்று புறப்பட்டுப் போவதுதான் அடையாளம். எம்ஆர்ஐ படத்தில் அந்த மயிரிழைக் கிளை தெரியாமல் போனால் புனலும் குமிழ் மாதிரியே தெரியும். வழக்கமாகப் புனல் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. அம்மாவுக்கு 4 என்று எழுதியிருப்பதால் அனியூரிசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நம்பி ஒருவர் தலைக்குள் நான் எதையும் வைக்க மாட்டேன்.

போன வருடம் ஓர் அம்மா வந்தார். வேறிடத்தில் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, நகை அடகுக்குப் போய்விட்டது. ஆஞ்சியோ எடுத்து முப்பரிமாணப் படத்தைத் திரையில் மெதுவாகத் திருப்பினோம். முக்கால் சுற்று வந்ததும் புனலின் நுனியிலிருந்து தலைமயிர் போல ஒரு கிளை நீண்டு போவது தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். அவர் மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போனார்.

அந்தச் சோதனைக்கு டிஎஸ்ஏ என்று பெயர். மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே படமெடுப்பது. மயக்க மருந்து வேண்டியதில்லை. சாயம் போகும்போது கண்ணுக்குப் பின்னால் சூடு பரவினதுபோல் இருக்கும், சில நொடியில் அடங்கிவிடும். இதிலும் பக்கவாத ஆபத்து உண்டு. ஆனால் மிக மிகக் குறைவு. அதற்கு முன்னால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவரானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குமிழ்தான் என்று உறுதியானால் எவ்வளவு ஆபத்து? இங்கேதான் இரண்டு டாக்டர்கள் உங்களை இரண்டு பக்கம் இழுத்திருக்கிறார்கள். இருவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜப்பானில் 5,720 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 3 முதல் 4 மில்லிமீட்டர் வரையான குமிழ்கள் வருடத்துக்கு ஆயிரத்தில் மூன்று நான்கு என்ற கணக்கில்தான் வெடித்தன. 10 மில்லிமீட்டரைத் தாண்டியவை வருடத்துக்கு நூற்றில் நான்குக்கு மேல். அளவு பெரிதானால் ஆபத்து ஏறுகிறது என்பது தெளிவு. இடமும் முக்கியம் என்பது அதே ஆய்வில் தெரிந்தது. அம்மாவுக்கு இருக்கும் இடமும், மூளையின் முன்பக்கம் இரு தமனிகளை இணைக்கும் இடமும் மற்றவற்றைவிட வெடிக்கும் சுபாவம் கூடியவை. குமிழின் மேல் இன்னொரு சின்ன மொட்டு முளைத்திருந்தாலும் ஆபத்து கூடுதல்.

அளவு, இடம், வயது, பிரஷர் போன்றவற்றைச் சேர்த்து மதிப்பெண் போடும் ஃபேசஸ் என்ற முறை ஒன்று 2014இல் வந்தது. அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். பிரஷருக்கு 1, இடத்துக்கு 4, வயதுக்கும் அளவுக்கும் பூஜ்யம். மொத்தம் 5. ஐந்து வருடத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 1.3. ஆனால் இந்தக் கணக்கில் குடும்ப வரலாறு சேரவில்லை. பெரியம்மாவின் சாவை அந்த 1.3-க்குள் அடக்க முடியாது.

"டாக்டர், வெடித்து வருகிறவர்களில் பாதிக்கு மேல் சின்னக் குமிழ்தானாமே, அப்படியானால் சின்னதுதானே ஆபத்து?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான சந்தேகம். ஒரு மாவட்டத்தில் ஆயிரம் குட்டையும் பத்து ஏரியும் இருக்கின்றன என்று வையுங்கள். அடைமழையில் உடைந்த கரைகளை எண்ணினால் குட்டைகளே அதிகம் இருக்கும். அதை வைத்து உங்கள் ஊர்க் குட்டை உடையப்போகிறது என்று சொல்ல முடியாது. சின்னக் குமிழ்கள் எண்ணிக்கையில் அத்தனை அதிகம்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். "மணிக்கட்டில் சின்னத் துளைதான்" என்ற பேச்சு எனக்கு எப்போதுமே உறுத்தும். துளை சின்னது என்பது உண்மைதான். மண்டையைத் திறப்பதில்லை, முடி மழிப்பதில்லை, தையல் இல்லை. ஆனால் வேலை நடக்கிற இடம் மணிக்கட்டு இல்லை, தலை. உள்ளே என்ன செய்கிறோம் என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேத்லேபில், அதாவது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் அறையில், அம்மாவுக்கு முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். துளி அசைவும் கூடாது என்பதற்காக. மணிக்கட்டிலிருந்து குழாய் கை வழியாக ஏறி, இதயத்துக்கு மேலிருக்கும் பெருந்தமனி வளைவைத் தொட்டு, கழுத்துத் தமனிக்குத் திரும்பும். அதற்குள்ளே இன்னொரு மெல்லிய குழாய். அதற்குள்ளே மைக்ரோகத்தீட்டர், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. அதற்கும் உள்ளே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வழிகாட்டிக் கம்பி. மண்டைக்குள் நுழையும் இடத்தில் தமனி எஸ் எழுத்துப்போல வளைந்து வளைந்து போகும். நான் மணிக்கட்டுப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் அந்தப் பக்கம் நுனி சில சமயம் நகராது. வளைவுகளில் விசை தேங்கி நிற்கும். பிறகு திடீரென்று ஒரே தாவலாகத் தாவும். மிளகளவு குமிழுக்குள், அதுவும் முட்டைத் தோலைவிட மென்மையான சுவருக்குள், அந்த நுனி தாவக் கூடாது. அதனால் தள்ளுவதைவிட, தேங்கிய விசையை மெல்ல இழுத்து விடுவிப்பதில்தான் கை பழக வேண்டும்.

நுனி குமிழின் நடுவில் நின்றதும் பிளாட்டினக் காயிலை விடுகிறோம். பார்ப்பதற்குப் பட்டுநூல் மாதிரி இருக்கும். முதல் காயில் உள்ளே சுருண்டு கூடைபோல் உட்கார வேண்டும். ஒரு வளையம்கூடக் குமிழின் கழுத்து (அதன் வாய்) வழியாக, குமிழ் முளைத்த தாய்க்குழாய்க்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளலாம். சரியாக உட்கார்ந்த பிறகே காயிலைத் தள்ளுகம்பியிலிருந்து பிரித்துவிடுகிறோம். கலிஃபோர்னியாவில் இத்தாலிய மருத்துவர் குய்டோ குலியெல்மி 1990இல் முதல் நோயாளிக்குச் செய்தபோது மின்சாரத்தால் பிரித்ததும் இதே யோசனையில்தான்: திருப்தியாகும்வரை திரும்ப எடுக்க முடிய வேண்டும். கூடைக்குள் இன்னும் சில காயில்கள். உள்ளே ரத்தம் சுழல்வது நின்று, உறைந்து, காலப்போக்கில் வாய் மூடும்.

பெரிய குமிழில் கத்தீட்டருக்கு இடம் இருக்கும். 3, 4 மில்லிமீட்டரில் இடம் இல்லை. சிகிச்சையின்போதே வெடிக்கும் ஆபத்து மிகச் சின்னக் குமிழ்களில் கூடுதலாக இருப்பது இதனால்தான். எனக்கே நடந்திருக்கிறது. 46 வயதுப் பெண், 3 மில்லிமீட்டர். இரண்டாவது காயில் போகும்போது, தண்ணீரில் மை சொட்டியதுபோல் குமிழுக்கு வெளியே சாயம் பரவியது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை உடனே மாற்று மருந்தால் முறித்து, கையை எடுக்காமல் அடுத்த காயிலை வைத்து அடைத்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் இடது கையில் பிடி குறைந்துவிட்டது. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டுதான் இருக்கையில் உட்காருவார். சும்மா விட்டிருந்தால் அந்தக் குமிழ் அவர் ஆயுசு முழுக்க அப்படியே இருந்திருக்கலாம். இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்துக்கு முன்னால் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இது என் ஒருவனின் அனுபவம். மொத்தக் கணக்கு வேண்டுமென்றால், வெடிக்காத குமிழ்களுக்குச் செய்த சிகிச்சைகளைத் திரட்டி 2019இல் வெளியான தொகுப்பாய்வில், ரத்தக்குழாய் வழிச் சிகிச்சையில் முதல் ஒரு மாதத்துக்குள் சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு சுமார் ஐந்து பேர். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கிளிப் போட்டவர்களில் சிக்கல் நூற்றுக்கு எட்டு. இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று. இவை எல்லா அளவுக் குமிழ்களையும் சேர்த்த எண்கள். இந்த ஐந்தையும் மேலே சொன்ன 1.3-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "தொட வேண்டாம்" என்ற டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரியும். ஆனால் அந்த 1.3 ஐந்து வருடத்துக்கு மட்டும். அம்மாவுக்கு 52 வயதுதான். இன்னும் முப்பது வருடம் இருக்க வேண்டியவர். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு இதே 4 மில்லிமீட்டர் என்றால் நான் யோசிக்காமல் "விட்டுவிடுங்கள்" என்பேன்.

என்ன கருவி என்பது குமிழின் கழுத்தைப் பொறுத்தது. கழுத்து ஒடுங்கி, பானை வாய்போல் இருந்தால் காயில் மட்டும் போதும். அகலமாக இருந்தால் காயில் வெளியே சரியும். அப்போது வேலை முடியும்வரை குறுக்கே ஒரு பலூனை ஊதிப் பிடிப்பார்கள், அல்லது ஸ்டென்ட் என்ற வலைக்குழலைத் தாய்க்குழாயில் வைப்பார்கள். இன்னொரு வழி ஃப்ளோ டைவர்ட்டர். குமிழுக்குள் போகாமல், தாய்க்குழாயில் நெருக்கமாகப் பின்னிய வலைக்குழலைப் பதிப்பது. ரத்தம் குமிழுக்குள் திரும்பாமல் நேரே போக, குமிழ் மாதக்கணக்கில் தானாக உறைந்து சுருங்கும். 12 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, சராசரியாக 5 மில்லிமீட்டர் அளவுள்ள குமிழ்களுடன் 141 பேருக்கு இதை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு வருடத்தில் முக்கால் பங்குக்கு மேல் முழுதாக மூடிவிட்டன. பெரிய பக்கவாதமோ அதனால் மரணமோ நூற்றில் இருவருக்கு நேர்ந்தது. குமிழின் சுவரைத் தொடாமல் செய்வதால் சின்னக் குமிழ்களுக்கு எனக்குப் பிடித்த வழி.

அதற்கு ஒரு விலை உண்டு. ஸ்டென்ட்டோ ஃப்ளோ டைவர்ட்டரோ வைத்தால், ரத்தத்தை இளக்க ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் மாதக்கணக்கில் ஒரு வேளை தவறாமல் போட வேண்டும். நினைத்தால் மாத்திரை போடும் பழக்கமுள்ளவருக்கு இந்தக் கருவியே ஆபத்து. தவறவிட்டால் உலோகத்தில் ரத்தம் உறைந்து குழாயே அடைத்துக்கொள்ளும். இரண்டாவது மாத்திரையாகக் குளோபிடோகிரெல் எழுதினால், அது அம்மா உடம்பில் வேலை செய்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்களா எனக் கேளுங்கள். நம் மக்களில் கணிசமானவர்களுக்கு அந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. மாற்று மருந்து இருக்கிறது.

கிளிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். 1937இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி முதன்முதலில் வெள்ளிக் கிளிப் போட்டு அடைத்தது அம்மாவுக்கு இருக்கும் இதே இடத்துக் குமிழைத்தான். அந்த நோயாளியும் இமை சரிந்துதான் வந்தார். கிளிப் போட்டால் அநேகமாகத் திரும்ப வராது. காயில் வைத்த குமிழ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, காயில் அமுங்கி, கொஞ்சம் திறந்துகொள்கிறது. அவற்றில் பாதிக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். சின்னவற்றில் இது குறைவு. "காயில்தான் சிறந்தது என்று நிரூபித்தாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அது 2002இல் வந்த 2,143 பேர் ஆய்வு. எல்லோருமே குமிழ் வெடித்து வந்தவர்கள். வெடிக்காத குமிழுக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. நானே காயில் வைக்கிறவன்தான். ஆனாலும் கத்தி பிடிக்கும் சகாவின் கருத்தைக் கேட்காமல் எந்தச் சின்னக் குமிழையும் தொடுவதில்லை.

உங்கள் அம்மா என்னிடம் வந்திருந்தால் என்ன செய்வேன்? ஒன்றிரண்டு மாதத்துக்குள் டிஎஸ்ஏ. புனல் என்றால், வாழ்த்தி அனுப்பிவிடுவேன். குமிழ்தான், மேற்பரப்பு கோணல்மாணலாக அல்லது மொட்டு முளைத்ததாக இருக்கிறது என்றால், வயது, இடம், பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்துச் சிகிச்சையே சொல்வேன். உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது: சிகிச்சை, அல்லது முதல் ஸ்கேனிலிருந்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் மறுபடி எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ). வளர்ந்திருந்தால் தாமதிக்காமல் சிகிச்சை, வளராவிட்டால் கண்காணிப்பு. தினம் பயந்து சாகிறவர்களால் கண்காணிப்பைத் தாங்க முடியாது; அதையும் முடிவில் சேர்க்க வேண்டும். அதனால் அந்த அறையில் அம்மாவும் இருக்கட்டும். நீங்களும் மாமாவும் மட்டும் பேசி முடிக்காதீர்கள்.

சிகிச்சை என்று முடிவானால் செய்யப்போகிறவரிடம் நேராகக் கேளுங்கள்: வெடிக்காத சின்னக் குமிழ் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? கோபப்படாமல் எண் சொல்கிறவரிடம் செய்துகொள்ளுங்கள். செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் போன்ற இடங்களிலும் கருத்துக் கேட்கலாம். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சிடி கையில் இருக்க வேண்டும். தாளை வைத்து யாரும் புனலையும் குமிழையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பெரியம்மாவுக்கு அன்றைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்களா? பழைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள். பிரஷர் ஏறி மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் அதேபோல் விழலாம். மூளையைச் சுற்றி ரத்தம் என்று எழுதியிருந்தால், ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் என்றாகிறது. அப்போது அம்மாவின் மற்ற உடன்பிறப்புகள், மாமா உட்பட, ஒருமுறை எம்ஆர் ஆஞ்சியோ எடுத்துக்கொள்வது நல்லது. நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இதற்கு ஊசிகூட வேண்டியதில்லை. அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்துச் சிறுநீரகத்தில் நிறைய நீர்க்கட்டிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தப் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு மூளைக் குமிழும் அதிகம் வரும்.

முடிவு எதுவானாலும் இன்றைக்கே தொடங்க வேண்டியது பிரஷர் மாத்திரை. தினம் ஒரே நேரத்தில், காலண்டரில் கிழித்து அடையாளம் வைத்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள், முக்கவைக்க வேண்டாம். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தோட்டத்தை விற்பதற்கு முன்னால் பீடியை விடட்டும். புகை இந்தக் குமிழ்களுக்கு நேரடி எதிரி. வீட்டுக்குள் அதற்கு இனி இடமில்லை. அம்மா குனியலாம், சிரிக்கலாம், கோலம் போடலாம். குனிந்ததால் வெடிக்கும் என்று பயந்து உட்கார்ந்திருக்க எந்த அவசியமும் இல்லை.

எப்போது ஓட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இதுவரை வந்தே இராத, நொடியில் உச்சத்துக்குப் போகிற, தலையில் இடி விழுந்த மாதிரியான வலி. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் அல்லது வலிப்பு. வலி மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108. பக்கத்தில் எங்கே சிடி ஸ்கேன் இருக்கிறதோ அங்கே. முதல் கசிவில் தப்பியவர்களுக்கு இரண்டாவது கசிவு பெரும்பாலும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்தான் வருகிறது.

பழனிக்குப் போகலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார். பிரஷர் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கட்டுக்குள் இருந்து, இமையும் சரியாக இருந்தால், தாராளமாக நடக்கட்டும். வெயிலுக்கு முன் கிளம்பி, ஒட்டன்சத்திரத்தில் ஓர் இரவு தங்கி, தண்ணீர் குடித்துக்கொண்டே போகட்டும். அதற்குள் ஃப்ளோ டைவர்ட்டர் வைத்திருந்தால் இந்த வருடம் பஸ்ஸில் போகட்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவர் வெறுங்காலில் நடந்து கொப்புளம் உடைந்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. எப்படிப் போனாலும் மாத்திரைப் பட்டை சுருக்குப் பையில் இருக்கட்டும். கூட்டத்தில் தொலையக்கூடும், இன்னொரு பட்டை உங்கள் சட்டைப் பையிலும்.